அட்டை இருக்கிறது, தட்டு எங்கே?

போன செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கிராப் கடை. காதர் பாய் இருந்தார் — கடை ஓனர். தேசம்மா இருந்தார் — வருகிற குப்பையைத் தரம் பிரிப்பவர். ஏழுமலை இருந்தான் — கிரைண்டர் ஓட்டுபவன், காதில் பஞ்சு. அப்புறம் நான்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஹங்கேரி நாட்டு ராக் இசைத்தட்டு. அதுவும் முதலில் அச்சடித்த ஒரிஜினல்தான் வேண்டும். ஏன்? முன்பு இங்கே ஒரு கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த ஹங்கேரி ஃபிட்டருக்கு நான் ஹெல்பர். கெஸ்ட் ஹவுஸில் ஒரு தட்டு போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கன் உறுமும். ஒரு வார்த்தை புரியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

அதன் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் அந்த உறுமல் இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது அவர் தட்டுகளை அங்கேயே விட்டுப் போயிருந்தார். இப்போது அந்த கெஸ்ட் ஹவுஸ் காலியாகிறது, சாமான் பாய் கடைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். உடனே தேசம்மாவுக்கு போன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது. எனக்கும் அரைகுறைதான். அடையாளம் சொன்னேன் — "எழுத்து தலைல சாய்வா ரெண்டு கோடு போட்டுருக்கும். அந்த அட்டைய எட்த்து வையி."

போய்ப் பார்த்தால், எடுத்து வைத்திருந்தார். தூசி துடைத்து, கயிறு கட்டி. மேலேயே நான் தேடிய அட்டை. தூக்கினேன்... லேசாக இருந்தது.

"உள்ள இருந்தது?"

"இன்னாண்ணா, அட்டையத்தான கேட்ட? கறுப்பு பிவிசி தட்டுலாம் மூட்டைல போட்டாச்சி."

தப்பு அவர் மேல் இல்லை. அங்கே காகிதம் ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல். பிரிப்பதுதான் வேலை.

"மூட்டை எங்க?"

கையைக் காட்டினார். ஏழுமலை தோளில் இருந்தது. ஓடுகிற கிரைண்டரின் வாய்க்கு நேராக.

கத்தினேன். காதில் பஞ்சு — கேட்கவில்லை. மூட்டையின் கட்டை அவிழ்க்கிறான்... ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடித்தேன்.

லோடோடு நிறுத்தினால் பிளேடு இறுகிவிடும். தெரிந்துதான் அடித்தேன்.

பாய் பாய்ந்து வந்தார். "இன்னா நைனா, பேஜார் பண்றியா? வெளிய லாரி நிக்குது. ஜாம் எடுக்கவே சாயங்காலம் ஆவும்!"

"நானே எட்த்துத் தரேன் பாய்."

"எட்த்துட்டுதான் நீ ஊட்டுக்குப் போற!"

ஏழுமலை பஞ்சைப் பிடுங்கினான். "அண்ணா, உன் பாட்டுக்கு இந்த மெஷின் சத்தமே தேவலாம்."

சிரிக்கத் தோன்றவில்லை. தார்ப்பாயில் மூட்டையைக் கொட்டினோம். பைப் துண்டு, ஒயர் தோல், தட்டுகள். தேசம்மா ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

"இதுவாண்ணா?"

இல்லை.

"இது?"

இல்லை.

கேட்பதில் பாதியை நாம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். எதிராளி, காதில் விழுந்ததைச் சரியாகத்தான் செய்கிறார். பிறகு யார் மேல் கோபப்படுவது?

அடியில் கிடந்தது. லேபிள் ஓரத்தில் ஒரு நம்பர் கீறியிருக்கும். எந்த அச்சு என்று அதுதான் சொல்லும். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்.

"அதானாண்ணா?" தேசம்மா எட்டிப் பார்த்தார்.

அதேதான். ஒரிஜினல்.

மூன்று துண்டு.