அமுங்காத ஃபோர்க்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு சைக்கிள் மீது கோபப்பட்டு அதை எட்டி உதைத்தது ஒரே ஒரு முறைதான். உதைத்ததில் என் கால் வீங்கியது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது கியர் வைத்த மவுண்டன் பைக். ஆரணியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை. ஏழு வருடம் பஸ்ஸில் போனேன். ஏழு வருடமும் யாராவது ஒருவருடைய முழங்கை என் விலாவில் இருந்தது. கூட வேலை பார்த்த டீச்சர் மாற்றலாகிப் போனபோது அவருடைய சைக்கிளை நான் வாங்கிக்கொண்டேன். மறுநாளே பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே தனியாக மிதித்துக்கொண்டு போகும் அந்த அரை மணி நேரத்தில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருந்தது அது மட்டும்தான். சைக்கிளும் தினம் காலையில் பளபளவென்று நிற்கும். நல்ல பெயிண்ட், தூசியே ஒட்டாது என்று பள்ளியில் பீற்றிக்கொள்வேன்.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் உண்டு. மேலே இருக்கும் வழவழப்பான குழாய்கள் கீழே இருக்கும் தடித்த குழாய்களுக்குள் இறங்கி ஏறும். பள்ளத்தில் விழுந்தால் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். ஆறு மாதம் ஒழுங்காக வாங்கிக்கொண்டது. பிறகு சண்டித்தனம் ஆரம்பித்தது. அமுக்கினால் இறங்காது. தப்பித் தவறி இறங்கினால் ஏறாது. வேகத்தடை ஒவ்வொன்றும் நேராக என் மணிக்கட்டுக்கு வந்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் உயிர் போனது.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். அதிகம் பேச மாட்டார். சாயங்காலம் ஆனால் என் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிடுவார். ஒரு வியாழக்கிழமை தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"கலசப்பாக்கத்துல சித்தப்பா பையன் இந்த வண்டிய கேட்டுகினே இருக்கான். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போடான்னு சொல்லிட்டேன். நீ பஸ்லயே போ."

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"உன் கையக் கேட்டு."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்து போய்த்தான் அந்தச் சைக்கிளை உதைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபோர்க் சரியானால் சைக்கிள், இல்லாவிட்டால் மறுபடியும் அந்த முழங்கை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஜாரில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹேண்டில்பாரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"இது பேஜார் புடிச்ச சாமான் டீச்சர். ஜல்தியா ஒரு சாதா ஃபோர்க் மாத்திடலாம். ஆடாது, அசையாது."

"இப்பவும் அதாண்ணே பண்ணிகினு இருக்குது."

சிரித்துவிட்டார். அதைப் பிரிக்கத் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, ஒரு செட் எல்-சாவி மட்டும் இரவல் கொடுத்தார். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஸ்பேர்ஸ் கடையில் ஒரு பாட்டில் ஃபோர்க் ஆயில் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை லீவு. செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். ஃபோர்க்கின் தலையில் ஸ்பிரிங்கை அசையாமல் பூட்டும் திருகு ஒன்று இருக்கும், முதலில் அதைப் பார் என்றது வீடியோ. பார்த்தேன். திறந்துதான் இருந்தது. சக்கரத்தை முறுக்கி மாட்டியிருந்தாலும் குழாய்கள் கோணிக்கொண்டு சிக்கும் என்றது. சக்கரத்தைக் கழற்றி அமுக்கினேன். அப்போதும் அதே வீம்பு. சரி, பிரித்துவிட வேண்டியதுதான். பிரேக்கைக் கழற்றி, அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் நாலு சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டச் சொன்னார்கள். ரப்பர் சுத்தியலுக்கு எங்கே போவது? துணி சுற்றிய சப்பாத்திக் கட்டையால் தட்டினேன். நன்றாகவே வேலை செய்தது. போல்ட்டுகளை முழுவதும் எடுத்துவிட்டு இழுத்ததும், கீழ்க் குழாய்கள் முக்கி முனகிக்கொண்டு கையோடு வந்தன.

உள்ளே, வாய்ப்பக்கத்து ரப்பர் வளையத்தில் வெள்ளையாக என்னவோ ஏடு கட்டியிருந்தது. அதற்கடியில் எண்ணெய் ஊறியிருக்க வேண்டிய ஸ்பாஞ்சு வளையம் அப்பளம்போல் விறைத்துக் கிடந்தது. வீடியோவில் அப்படி எதுவும் இல்லை. நகத்தால் சுரண்டி, விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கொழகொழவென்றது. மோந்து பார்த்தேன்.

அரிசிக் கஞ்சி.

எங்கள் தெருவில் வாரத்துக்கு மூன்று நாளாவது யாராவது ஒருவருடைய தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, பட்டு இழைகளுக்குக் கஞ்சி போடுவார்கள். விடிந்ததும் நடக்கிற வேலை. நான் அடுப்படியில் இருப்பேன், இவர் கை கொடுக்கப் போய்விடுவார். அப்படியானால் கண்மண் தெரியாமல் என் வண்டி மேல் கஞ்சியை அடித்திருக்கிறார்கள். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தேன். இன்றைக்கு நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்காமல் விடுவதில்லை.

"எங்க போற?" தறியிலிருந்து எழுந்து வந்தார் இவர்.

"கஞ்சி அடிச்சவன் யாருன்னு கேக்கத்தான்."

இவர் ஃபோர்க்கைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"யாரும் அடிக்கல. தெனம் காலையில நான்தான் தொடச்சிகினு இருந்தேன். கஞ்சி கைய தொடைக்கிற துணி இருக்குதில்ல, அதால."

"தெனமுமா?"

"தூசியோட போனா நல்லாவா இருக்கும்? வாத்தியாரம்மா வண்டி. அந்தக் கொழா பளபளன்னு இருக்குமே, அத மட்டும் ரெண்டு வாட்டி தொடப்பேன்."

நல்ல பெயிண்ட் என்று பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. முழுக்கச் சிரிப்பால் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு இருவரும் சாக்கில் உட்கார்ந்தோம். கஞ்சி ஏட்டை இவர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தே எடுத்தார். கத்தி வேண்டாம், ரப்பர் கிழியும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒற்றைப் பட்டு இழையைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள். நன்றாகக் காயவைத்து, ஸ்பாஞ்சு வளையத்தை ஆயிலில் ஊறப்போட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். ஹேண்டில்பாரை அமுக்கினேன். இறங்கியது. கையை எடுத்தேன். ஏறியது. இவரும் அமுக்கினார். அப்புறம் சாப்பிடப் போகிற வரைக்கும் ஆளுக்கொரு தடவை அமுக்கிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பையன் வந்து தெருவை இரண்டு சுற்று சுற்றினான்.

"சூப்பரா கீது அண்ணி. இப்டியே ஓட்டிகினு போயிடறேன்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"எறங்குடா. அது குடுக்கறதுக்கு இல்ல. உங்கண்ணி ஸ்கூலுக்குப் போவணும்," என்றார் இவர். "வந்தது வந்த, இட்லி சாப்ட்டுட்டு போ."

திங்கட்கிழமை காலை அடுப்படி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருவில் பாவு கட்டியிருந்தது. இவர் கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து, கொடியில் கிடந்த துண்டு ஒன்றை உருவிச் சைக்கிள் பக்கம் போனார். துடைப்பதற்கு முன்னால் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தார்.