முடியாது, ஆனால் புதன்கிழமை வாருங்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திண்டிவனத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவன் ஜெர்மன் மொழியைப் பற்றி எழுதலாமா? அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த ஒரு வாரப் பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் அக்கா மகள் மெர்சி விழுப்புரத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். நர்ஸ். மறுநாள் சென்னையில் அவளுக்கு ஜெர்மன் பேச்சுத் தேர்வு. பாஸானால் அந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேலை. ஏற்கெனவே ஒரு முறை ஃபெயில். இந்த முறையும் போனால், வேலை வேறு ஆளுக்கு.

"எதுல கோட்டை விட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரை எதிர் எதிரா உக்கார வெப்பாங்க மாமா. எப்ப சந்திக்கலாம்னு மரியாதையா பேசி நாள் குறிக்கணும். எதிர்ல இருந்த பொண்ணு செவ்வாய்க்கிழமை நாலு மணின்னா. நான் சரின்னுட்டேன். பேச்சு அதோட முடிஞ்சுபோச்சு."

"சரின்னா நல்லதுதானே?"

"பேசினாத்தானே மார்க்கு? எனக்கு அன்னிக்கு முடியாது, வேற நாள் பாக்கலாமான்னு கேக்கணும். மூஞ்சிய பாத்துக்கினு எப்படி மாமா முடியாதுங்கறது? வாயே வரல."

எனக்கும் வராது. அதனால் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டேன். 'லைடர்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். 'வருத்தம்தான், ஆனால்...' என்கிற மாதிரி. அதில் ஆரம்பித்துத்தான் மறுப்பார்களாம். மறுத்த கையோடு வேறொரு நாளையும் சொல்லிவிட வேண்டுமாம்.

நாம் என்ன செய்கிறோம்? யார் கூப்பிட்டாலும் "அதுக்கென்ன, வந்துட்டா போச்சு" என்கிறோம். மயிலத்தில் ஒரு நண்பர் பல வருஷமாக என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். நானும் பல வருஷமாக "வர்றேன்" என்கிறேன். இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை. அவர் வீட்டு வாசலைத்தான் நான் இன்னும் பார்த்ததில்லை... இதில் எது மரியாதை?

"தமிழ்லயே பழகலாம் மாமா. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு உங்களுக்கு வசதிப்படுமா?"

"கடைய சாத்திட்டு வந்துடறேம்மா."

மெர்சி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி குரல் கொடுத்தாள். "அவரப் போய் கேக்கறியே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதில்ல. என்ன கேளு."

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வசதிப்படுமா அத்தை?"

"செவ்வாக்கெழம ஜெபக்கூட்டம். புதன் வா. நாலு மணி வேணாம், குழாத்தண்ணி வர்ற நேரம். பதினோரு மணிக்கு வந்தா சாப்ட்டுட்டு போவலாம்."

"அத்தை, நீங்க அசல் ஜெர்மன்காரி."

பிறகு அத்தை கூப்பிட, மெர்சி மறுத்துப் பழகினாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

"போதும், இது நெஜமாவே கேக்கறேன்," என்றாள் என் மனைவி. "கண்டாச்சிபுரத்துலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழம உன்ன பாக்க வர்றாங்களாம். உங்கம்மா கேக்க சொன்னாங்க. வரச் சொல்லிடட்டுமா?"

இப்படிக் கேட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லும் பதில் ஒன்றுதான் — "உங்க இஷ்டம்."

மெர்சி எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"லைடர், அத்தை," என்றாள். "இந்த ஞாயித்துக்கெழம என்னால முடியாது."

சப்பாத்திக் கட்டை நின்றது. என் மனைவி அவளையே பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப வேற நாள் சொல்லு. அதானே உன் ஜெர்மன் வழக்கம்?"

"ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு. நான் வெளிநாடு போறத பத்தி அவங்ககிட்ட நானே பேசணும். அதுக்கு ஒத்துக்கினா வரட்டும்."

"சரி," என்று கட்டையை மறுபடி உருட்டினாள்.

மறுப்பு என்றால் கதவைச் சாத்துவது என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். நாளைச் சேர்த்துச் சொன்னால் அது வேறு மாதிரிதான் இருக்கிறது.

மறுநாள் தேர்வில் எதிரே இருந்தவர் சொன்ன நாளை மெர்சி மறுத்தாளாம். கடைசி வரை பேச்சு ஓடியதாம். கண்டாச்சிபுரத்துக்கு நான்தான் போன் செய்தேன். இந்த ஞாயிறு வேண்டாம் என்று சொல்லி, அவள் சொன்ன நாளையும் சொன்னேன். "சரிங்க, ரிசல்ட் வரட்டும்," என்று வைத்துவிட்டார்கள்.