தலைவர் கண்ட கொக்கு

எங்கள் குப்பத்தில் பானுப்ரியாவைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. மீன் கழுவ வேண்டிய தண்ணீரில் பிரஷ் கழுவுகிறவளை என்னவென்று மதிப்பது? கல்யாணத்துக்கு முன்பு படகுகளுக்குப் பெயர் எழுதினாள். பிறகு பொன்னேரிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சார்ட் வரைந்துகொடுத்தாள். போன வருடம் சென்னைப் பதிப்பகம் ஒன்று சிறுவர் நீதிக்கதைகளுக்கு வாட்டர்கலரில் பறவைகள் கேட்டது. காகம், மயில், ஆந்தை எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. வம்பு கொக்கில் வந்தது.

குளம் வற்றப்போகிறது, வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களைத் தூக்கிப்போய்த் தின்ற அந்தப் பழைய கதைக் கொக்குதான். தன் வாசலுக்கு எதிரே ஏரிச் சேற்றில் தினமும் வந்து நிற்கும் கொக்கைப் பார்த்து அதை வரைந்தாள். கழுத்தை உள்ளே இழுத்து, ஒரு காலை மடக்கி, கண்ணைப் பாதி மூடி நிற்கும். படம் காய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக வந்த ஊர்த் தலைவர் தருமலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சீட்டு எடுப்பவர் தலைவர். நல்ல இடமெல்லாம் அவர் மச்சானுக்கே விழும். அவன் அதிர்ஷ்டக்காரன் என்று நாங்களும் நம்பினோம். நம்புவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் குலுக்கலுக்குக் கூடியபோது தலைவர் படத்தோடு வந்து நின்றார்.

"இவ வூட்டுக்கு இனிமே பாடு கெடயாது."

பானுப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் புருஷன் லோகநாதனுக்கு வலையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"இன்னா தப்பு பண்ணா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இந்தக் கொக்கு யாருன்னு பாருங்க!"

பார்த்தோம். கொக்காகத்தான் இருந்தது. அதையே சொன்னோம்.

"நல்லாப் பாருங்கடா! இந்தக் கழுத்து, இந்தக் காலு, சீட்டு எடுக்கசொல்ல கண்ண மூடிக்கினு நிக்கறது... நான்தான்டா இது!"

மீன் விற்கும் காசியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். "சரி தலைவரே, கொக்கு நீங்கன்னா மீனுங்க யாரு?"

"ஐயோ, சத்தியமா ஒங்கள நெனச்சு வரையல தலைவரே! அந்தக் கொக்கு எங்க வாசல்லதான் நிக்குது, வந்து பாருங்க" என்று பானுப்ரியா அழுதாள். யாரும் கொக்கைப் பார்க்கப் போகவில்லை. எல்லோரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

லோகநாதன் பெயரையும் சேர்த்துத்தான் அன்று குலுக்கினோம். சீட்டு எடுத்தது காசியம்மாள். மச்சானுக்கு முழங்கால் சேறுள்ள இடம் விழுந்தது.