அண்ணனின் பாட்டில் வந்த தண்ணீர் லாரி

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் காதில் பதிந்திருந்த சத்தம் ஒன்றுதான்: தண்ணீர் லாரியின் ஹாரன். கிழக்குத் தாம்பரத்தில் கிணறும் போர்வெல்லும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்த வருடங்கள் அவை. லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். காலையா மதியமா என்பது லாரிக்கே தெரியாது. தெருமுனையில் நின்று நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று ஹாரன் அடிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எச்சில் கையோடு எழுந்து ஓடுவார். பத்து நிமிடத்தில் வரிசை சேராவிட்டால் டிரைவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்பதால், எல்லா வீட்டு வாசலிலும் நான்கு பிளாஸ்டிக் குடங்கள் எப்போதும் தயாராக நிற்கும். எந்தக் குடம் யாருடையது என்று சண்டை வராமலிருக்க, ஒவ்வொன்றிலும் பெயின்டில் வீட்டு எண் எழுதியிருக்கும். ஆனாலும் சண்டை வரும்.

அப்போது அண்ணன் காலேஜில் இரண்டாம் வருடம், நான் ஆறாம் வகுப்பு. அவன் படிப்புக்காக அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் அவன் படித்து நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், சத்தத்தை வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. அது கிடைத்த நாளிலிருந்து வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் பாதுகாப்பில்லை. தோசைக்கல்லில் மாவு விழுவதைப் பதிவு செய்து பின்னாலிருந்து முன்னால் ஓட விடுவான். கொல்லைப்புற அடிபம்பு தண்ணீரில்லாமல் காற்றை இழுத்து ஏங்குவதைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தாளமாக்கினான். அப்பாவின் தும்மலை எட்டு மடங்கு இழுத்ததில் அது இடி முழக்கமானது. அந்த வருடம் தாம்பரத்தில் இடி இடித்தது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அப்பாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். "அந்தப் பெட்டியால யாராவது ஒருத்தர் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணட்டும். அன்னைக்கே அது மறைமலை நகர் பெரியப்பா வீட்டுக்குப் போயிடும். அங்கயாவது படிக்கிற பையன் இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

தெருவின் நலச்சங்கம் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி வைக்கும். அந்த வருடம் அண்ணன் பெயர் கொடுத்துவிட்டான். எந்த வாத்தியமும் இல்லாமல், நம் தெருவின் சத்தங்களாலேயே ஐந்து நிமிட இசை. செக்ரட்டரிக்குப் பாதி புரிந்தது; மீதியைத் தேசபக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஐந்து நிமிடத்தில் என் பங்கு லாரியின் ஹாரன். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்று பதிவு செய்தவள் நான். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, ரேடியோவுல வுடப் போறியா?" என்று கேட்டு, எனக்காகவே கூடுதலாக ஒரு தடவை அடித்தார். அப்படிப்பட்ட ஹாரனை அண்ணன் மெதுவாக்கி, தலைகீழாக்கி, ஆழமான ஒரு முனகலாக மாற்றிவிட்டான். எதிர்வீட்டுத் தோழியைக் கூப்பிட்டுப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வண்டலூர் ஜூ யானைதானே?" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பதினான்காம் தேதி மதியம் அண்ணன் காலேஜிலிருந்து வரவில்லை. வெட்டுவதையும் ஒட்டுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றிருந்தேன். யானையை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் என் அசல் ஹாரனை ஒட்டினேன். சரியாக உட்கார்ந்ததா என்று சத்தமாக நான்கைந்து முறை போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அறை வாசலில் அம்மா வந்து நின்றாள். இடுப்பில் காலிக் குடம், மேல்மூச்சு வாங்குகிறது.

"லாரி வந்துச்சாடி?"

"இல்லையேம்மா" என்றேன், ஸ்பீக்கரை அணைத்தபடி.

அம்மா குடத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், போய்விட்டாள். கம்ப்யூட்டரைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நிம்மதியாக இருந்தது. அதோடு பெருமையாகவும் இருந்தது. இனி ஒருவரும் யானை என்று சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் வந்த அண்ணன், நூறு தடவை கேட்டதுதானே என்று கேட்டுப் பார்க்காமலேயே சிடியில் எழுதிவிட்டான்.

மறுநாள் ஷாமியானா, கொடி, மிட்டாய் எல்லாம் முறைப்படி நடந்தன. தெருவிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்தான் சிறப்பு விருந்தினர். கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் முறை வந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் சிடியைப் போட்டார். தோசை சீறியது, அடிபம்பு ஏங்கியது, அப்பாவின் தும்மல் இடித்தது. "இதுல பாட்டு எப்பங்க வரும்?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் என் ஹாரன் வந்தது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று.

நாற்காலிகள் கவிழ்ந்தன. பாட்டுப் போட்டிக்குக் காத்திருந்த பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தாள். செக்ரட்டரி மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடி, ஒயர் இழுத்ததும்தான் அதை விட்டார். சிறப்பு விருந்தினர் மாலையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு நிமிடத்தில் ஷாமியானாவுக்குள் கொடிக்கம்பமும் எங்கள் குடும்பமும் சவுண்டு சர்வீஸ்காரரும்தான் மிச்சம். வழக்கமாக லாரிக்கு முதலில் ஓடுகிற அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "லாரிம்மா, எழுந்திரு!" என்றேன்.

"உக்காரு. பாட்டு இன்னும் முடியல" என்றாள்.

முனை வரை போய் லாரியைக் காணாமல் எல்லோரும் காலிக் குடத்தோடு திரும்பி வந்தார்கள். "யாருப்பா பண்ண வேலை இது?" என்றார் செக்ரட்டரி. அண்ணன் வெளுத்துப் போயிருந்தான். "என் தப்புதான் சார். ஃபைல் மாறிப் போச்சு" என்றான். பாவம், அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். நான் கையிலிருந்த மிட்டாயின் காகிதத்தை மிகக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் ஆட்டோவில் ஏறி மறைமலை நகருக்குப் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்னால்தான் போகிறது என்பதும் தெரிந்தது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.

காப்பாற்றியவர் ஹெட்மாஸ்டர். மாலை அறுந்து ஒரு பக்கம் தொங்க, குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னொரு தடவை போடுப்பா. இப்ப உக்காந்து கேக்கறேன்" என்றார். மறுபடி போட்டார்கள். ஹாரன் வந்ததும் கூட்டம் ஆரவாரம் செய்தது. அடுத்து இன்னொரு ஹாரன். கை தட்டினார்கள். மேலும் ஒன்று. பையன்கள் விசிலடித்து, முதலிலிருந்து இன்னும் இரண்டு தடவை போட வைத்தார்கள். என் ஹாரனுக்கு இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப் போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்த பிறகும் ஹாரன் கேட்டது. "சார், நான் அப்பவே ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

தெரு இரண்டாவது முறையாக ஓடியது. பத்து நிமிடம் தாண்டியிருந்தது. ஆனாலும் முனையில் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் பதினைந்து வீட்டுக் குடங்களும், ஒவ்வொரு வாசலாகப் போய் எடுத்துவந்து அடுக்கியதுபோல, எண் வரிசையில் நின்றன. முதல் குடத்தில் லாரியின் ஹோஸ் குழாயைப் பிடித்தபடி அம்மா. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

டிரைவருக்கு ஆறவில்லை. "இன்னா சார் தெரு இது? நான் ஆரன் அட்ச்சிகினே கீறேன், நீங்க கை தட்டறீங்கோ! இந்த அம்மா மட்டும் வர்லன்னா அப்பவே போய்கினே இருந்துருப்பேன்" என்றார்.

அன்றைக்கு வரிசையில் ஒரு சண்டை இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் எண் வீடான எங்கள் குடங்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தன. முறை வருவதற்குள் லாரி வற்றிவிட்டது. இரண்டு குடம்தான் நிறைந்தது.

சாயங்காலம் செக்ரட்டரி எங்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா விறைப்பானார். அவரோ மீதமிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, "நீங்க இல்லன்னா இன்னைக்குத் தெருவே காஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அம்மாவோடு ஒரு பாட்டம் சண்டை போட்டேன். ஊருக்கெல்லாம் வரிசை போட்டுவிட்டு நம் குடத்தைக் கடைசியில் வைப்பாளா ஒருத்தி? "அவசரத்துல கவனிக்கல" என்றாள். இப்படியும் ஓர் ஏமாளியா என்று நொந்துகொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அண்ணனுக்கு இப்போது சத்தம்தான் பிழைப்பு. போன பொங்கலுக்கு வந்தவன் அந்தப் பழைய சிடியை எங்கிருந்தோ தேடி எடுத்து அண்ணிக்குப் போட்டுக் காட்டினான். ஹாரன் வந்ததும், "இங்கதான் ஃபைலை மாத்திப் போட்டு மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தான்.

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள். "நீ எங்கடா மாத்தின? இவ மாத்தினா. முந்தின நாளே என்னைக் குடத்தோட முனை வரைக்கும் ஓட வச்சாளே."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிரிப்பதற்கு மிட்டாய்க் காகிதம் எதுவும் என் கையில் இல்லை.

"அப்போ நம்ம குடத்தைக் கடைசில வச்சது?" என்றேன்.

"தப்பு நம்ம வீட்டுது. முதல்ல போய் நிக்க முடியுமா?"

அந்த இரண்டு குடத்தில் மறுநாள் காலை ஒரு வாளி முழுக்க எனக்குக் குளிக்கக் கிடைத்தது. பேசாமல் இருக்கிறவள் என்ற வீறாப்போடு அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தலையில் ஊற்றிக்கொண்டவள் நான். அம்மா அன்று எதில் குளித்தாள், குளித்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை.

"ரெண்டு நாள் உன்கூடப் பேசவே இல்லையேம்மா" என்றேன்.

"ஆமா. வீடு நிம்மதியா இருந்துச்சு" என்றாள் அம்மா.