இறங்கக் கூடாத கிராவிட்டி

1. இதுல என்ன லோக்கல்?

பெங்களூரில் நான் வேலை பார்ப்பது ஒரு மைக்ரோப்ரூவரி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டேங்குகள், இந்தப் பக்கம் மேசைகள். அங்கே காய்ச்சும் பீரை அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுப்போம். நான் ஹெட் ப்ரூவர் என்பதால் மாலையில் மேசைகளுக்குப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்பது வழக்கம். அப்படிப் போன ஒரு நாள்தான் மாட்டிக்கொண்டேன்.

நண்பர்களோடு வந்திருந்த ஒருவர் சுவரிலிருந்த கரும்பலகையைக் காட்டினார். அதில் 'எங்கள் லோக்கல் ஐ.பி.ஏ.' என்று எழுதியிருந்தது.

“இதுல என்னங்க லோக்கல்?” என்றார். பேச்சிலேயே நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்தது. கம்பமாம்.

“பார்லி எங்கன வெளஞ்சது?”

“ராஜஸ்தான்.”

“கசப்புக்கு ஏதோ பூ போடுவீகளாமே?”

“ஹாப்ஸ். அது அமெரிக்காவுலேர்ந்து வருது.”

“ஈஸ்ட்டு?”

“பெல்ஜியம். பாக்கெட்ல வரும்.”

“தண்ணி?”

“காவேரி” என்றேன் நிம்மதியாக. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் காவேரித் தண்ணீரை ஆர்.ஓ. போட்டு மொட்டையாக்கி, பிறகு உப்புகளைச் சேர்த்து இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர்த் தண்ணீர் மாதிரி ஆக்குகிறோம் என்பதையும் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசை திரும்பிப் பார்த்தது. “அப்ப தண்ணியும் சீமத்தண்ணியா!”

ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல். அந்தக் காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் வந்த கசப்பு பீர் என்பதால் அந்தப் பெயர். பெயரில் இந்தியா இருக்கிறது, உள்ளே இல்லை. இத்தனை வருஷம் காய்ச்சியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

2. பந்தலுக்கு அடியில்

நான் உத்தமபாளையத்தில் மைக்ரோபயாலஜி படித்தவள். முதல் வேலை தேனியில் ஒரு பால் பண்ணையில், குவாலிட்டி செக்ஷன். அங்கிருந்துதான் பெங்களூர் வந்தேன். வீட்டில் என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், “கம்பெனியில இருக்கா” என்று முடித்துக்கொள்வார்கள்.

ஹாப்ஸில் பூ வாசனையும் பழ வாசனையும் உண்டு. அந்தப் பூ வாசனைக்குக் காரணமானவற்றில் ஒன்று லினலூல் என்ற பொருள். அதே லினலூல் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையிலும் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கமே வரவில்லை. அமெரிக்கப் பூவும் கம்பத்துப் பழமும் ஒரே பாஷை பேசுகின்றன என்றால் இரண்டையும் ஒரே டேங்கில் விட்டால் என்ன ஆகும்?

ஓனர் தாராளமானவர்தான், ஆனால் கறாரானவர். “ஒரு டேங்க் ட்ரை பண்ணுங்க செல்வி. ஓடலைன்னா இந்த லோக்கல் பேச்சையே விட்டுடணும்” என்றார்.

கம்பத்துக்குத் தெற்கே எங்கள் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அண்ணன் கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுவதால் தோட்டம் முழுக்க மதினி பொறுப்பு. கவாத்து அடிப்பதிலிருந்து வியாபாரியிடம் பேசுவதுவரை அவர்தான். நான் போனபோது பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மதினி நிமிரவில்லை.

“நீ என்ன வேல பாக்குறன்னு எனக்குத் தெரியும் செல்வி. ஒரு நாளும் நான் கொற சொன்னதில்ல. ஆனா எங்கய்யா குடிச்சுத்தான் போனாக. இந்தப் பந்தல்ல காய்க்கிறத நான் அதுக்குத் தர மாட்டேன்.”

அடுத்த கொத்துக்கு நகர்ந்தபடி அவரே கேட்டார்: “அது என்னமோ பூவுன்னியே, கொண்டாந்திருக்கியா?”

வாசனையை ஒப்பிட்டுப் பார்க்கப் பையில் ஹாப்ஸ் வைத்திருந்தேன். பூவை அரைத்து அழுத்திய பச்சைக் குச்சிகள் அவை. மதினி உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

“இது மாட்டுத் தீவனம்ல?”

“கசக்கிப் பாருங்க மதினி.”

கசக்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். “ஆத்தாடி! நார்த்த எலயக் கிள்ளுன மாதிரில்ல இருக்கு” என்றார். பிறகு ஒரு துணுக்கை நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி வாய் கொப்பளிக்க ஓடினார்.

கிளம்பும்போது, “மேக்க முருகேசண்ணன் தோட்டத்துல கேளு. அவுகளுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல, குடுப்பாக” என்று வழியும் சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன மாதிரியே முருகேசண்ணன் கொடுத்தார்.

3. இதோட நிறுத்த முடியாதா?

திராட்சைச் சாற்றைச் சூடு காட்டி, பாதி புளித்திருந்த ஐ.பி.ஏ.வில் சேர்த்தோம். சர்க்கரை கூடியதும் ஈஸ்ட் மறுபடி உற்சாகமாகிவிட்டது. கடைசியில் ஹாப்ஸை அள்ளிப் போட்டு ஊறவிட்டு, குளிர வைத்து இறக்கினோம். கலங்கிய ரோஜா நிறம். முதலில் மூக்குக்குப் பழம் வந்தது, பின்னால்தான் நாக்குக்குக் கசப்பு.

பலகையில் 'கம்பம் ஐ.பி.ஏ.' என்று எழுதினேன். நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தேனி, போடி, சின்னமனூர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். குடிப்பதற்கு முன் எல்லோரும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண், “எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல பழக்கூடைய எறக்குற மாதிரி இருக்கு” என்றாள். ஊர் தெரியாதவர்களோ அது எங்கே இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பானம் இத்தனை கேள்விகளை எழுப்பியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் மகளைக் கல்லூரியில் சேர்க்க மதினி பெங்களூர் வந்தார். “நீ காய்ச்சுற எடத்தப் பாக்கணும்” என்று அவரே கேட்டார். ஒரு காலை வேளையில் கூட்டிப்போனேன். பார்லி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது.

“நெல்லு அவிக்கிற வாசம்” என்றார் வாசலிலேயே.

வடித்தெடுத்த இனிப்புத் தண்ணீரை வோர்ட் என்போம். ஈஸ்ட் சேரும்வரை அதில் ஆல்கஹால் கிடையாது. அதைச் சொல்லி, ஆறவைத்து ஒரு கிளாஸ் கொடுத்தேன். யோசித்துவிட்டுக் குடித்தார்.

“பானகம் மாதிரி இருக்கு. இது எப்ப சாராயமாகும்?”

“சாராயம் இல்ல மதினி, பீரு. ஈஸ்ட் போட்டா, அது சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலா மாத்தும்.”

“அப்ப அதப் போடாம இதோட நிறுத்த முடியாதா?”

நான் சிரித்தேன். ஈஸ்ட் போடாத ப்ரூவரி எதற்கு? மதினி சிரிக்கவில்லை.

4. மழை

அடுத்த அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளத்தாக்கில் விடாமல் மழை பிடித்தது. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் திராட்சை தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும். வெடித்த பழம் கேரளச் சந்தையில் விலைபோகாது.

மதினி போன் செய்தார். “வியாபாரி வந்தாக. பந்தலுக்குள்ள கூட நொழயல. ரோட்டுல நின்னே பாத்துட்டுப் போயிட்டாக.”

வெடித்த பழம் எனக்குப் பிரச்சினையே இல்லை. எப்படியும் பிழியத்தானே போகிறோம்? அத்தனையையும் ஐ.பி.ஏ.வுக்கு எடுத்துக்கொள்ள ஓனர் உடனே சம்மதித்தார். மதினியிடம் சொன்னேன்.

“வேணாம் செல்வி.”

“எல்லாம் வீணாப் போயிரும் மதினி.”

“வேருக்கே எருவாப் போகட்டும்.”

அண்ணனும் பேசிப் பார்த்தார். மதினி அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷ உழைப்பு மண்ணில் கிடந்து அழுகப் போகிறது. பஸ் ஏறிப் போய்ப் பந்தலுக்கு அடியில் நின்றேன். ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு கொத்தைப் பறித்து முகர்ந்தேன், வாசனை அப்படியே இருந்தது. மதினி அன்று கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முடியுமா, முடியாதா? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

“ஈஸ்ட் போடாம செஞ்சா தருவீகளா?”

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த டேங்க்ல முந்தி பீருதான இருந்துச்சு?”

“பால் பண்ணையில கழுவுவோம்ல, அப்படிக் கழுவிட்டுத்தான் ஊத்துவேன்.”

“அப்பத் தாரேன்.”

5. காலை ரீடிங்

பீரைவிட இது கஷ்டம் என்று காய்ச்சத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. பீரை ஆல்கஹாலே ஓரளவு காப்பாற்றும். இதற்கு அந்தக் காவல் இல்லை. அதிலும் வெடித்த பழத்தின் மேல் காட்டு ஈஸ்ட் அப்பிக் கிடக்கும். ஒரு சொட்டு தப்பி உள்ளே போனால் போதும், நாம் போடாத ஈஸ்ட் தானாக வேலையை ஆரம்பித்துவிடும். என் வாக்கும் அதோடு போய்விடும்.

டேங்கைக் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவி, நீராவி விட்டு, மறுபடியும் நீராவி விட்டேன். திராட்சைச் சாற்றைப் பால் பண்ணையில் பழகிய முறையில் பாஸ்சரைஸ் செய்தேன். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்ட மெல்லிய வோர்ட்டோடு அதைச் சேர்த்து, உறையாத அளவுக்குக் குளிரில் வைத்தேன்.

திரவத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டர் காட்டும். அதுதான் கிராவிட்டி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன கிராவிட்டி இறங்கும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காலையில் வந்ததும், இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். இந்த டேங்கில் மட்டும் இறங்கக் கூடாது. முதல் சில நாள் அசையவில்லை.

ஒரு காலை, சாம்பிள் எடுத்ததும் போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஹைட்ரோமீட்டரைக் குடுவையில் மிதக்கவிட்டேன். இறங்கியிருந்தது. துளிதான், ஆனாலும் இறக்கம்தான். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட அடுக்கிவிட்டேன். பிறகுதான் குடுவையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பேசிக்கொண்டே பாய்லர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திரவம் சூடானால் கருவி குறைவாகக் காட்டும். இது முதல் பாடப் புத்தகத்திலேயே இருப்பது. புதுச் சாம்பிள் எடுத்து, சரியான சூட்டில் வைத்துப் பார்த்தேன். பழைய ரீடிங், அப்படியே.

ஓனருக்குப் பாதி நம்பிக்கைதான் இருந்தது. குழாயில் விட்டதும் வண்டி ஓட்ட வேண்டியவர்களும், கர்ப்பிணிகளும், குடிப்பழக்கமே இல்லாதவர்களும் கேட்டு வாங்கினார்கள். நண்பர்களோடு வந்து தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் இத்தனை பேரை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உள்ளூர்ப் பொருளைத் தேடிப் போனால், எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தர மாட்டேன் என்றால், ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு என்ன காய்ச்ச முடியும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ரெசிபி அங்கேயிருந்துதான் கிடைத்தது.

கெக் என்ற சின்ன எஃகு உருளையில் புதுப் பானத்தைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கம்பத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன், மதினி, களையெடுக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் பந்தலுக்கு அடியில் டம்ளரோடு நின்றார்கள். மதினி முதலில் முகர்ந்தார். பிறகு ஒரு வாய், இன்னொரு வாய்.

“கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு செல்வி” என்றார். டம்ளரைக் காலி செய்துவிட்டு நீட்டினார். “அடுத்த காய்ப்புக்குக் கொறச்சுப் போடு.”