வாசல் குழிகள்

குனோங் ராபாட்டில் எங்கள் தெருவைப் பராமரிக்க வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கலாமா என்று கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். முதலில் எழுந்தவள் நான்தான். "வரி கட்டுறோம்லா! ரோட்டுல குழி விழுந்தா நகராண்மைக் கழகம்தானே அடைக்கணும்?" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மழை. வேலை முடிந்து திரும்பியபோது, என் வீட்டு வாசலிலேயே தண்ணீர் மூடியிருந்த குழியில் மோட்டார் சைக்கிள் இறங்கிச் சாய்ந்துவிட்டது. பின்னால் வந்த கார் என் தலைக்கருகில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு மரியம் அக்கா ஓடி வந்து தூக்கிவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், எங்கள் இரண்டு வாசலிலும் வரிசையாகக் குழிகள்.

"என்னக்கா இது, கோடு போட்டு வெட்டின மாதிரி இருக்கு?"

"கூடாரம் கட்ட ஆணி அடிச்ச இடம்லா. அது உன் மக கல்யாணத்துக்கு, இது எங்க வீட்டுக் கந்தூரி விருந்துக்கு. தாருல ஓட்ட போட்டா மழ சும்மா விடுமா?"

"அப்ப யாருக்கா காசு கட்டணும்?"

"எனக்கும் தெரியல. நீ கத்துனப்ப நானும்தானே கைதட்டுனேன்!"

சென்ற வாரம் மகனின் நிச்சயதார்த்தம். கூடாரக்காரரிடம், "ஆணி வேணாம் அண்ணே" என்றேன்.

"ஏற்கெனவே குழி இருக்கேக்கா, அதுலயே அடிச்சா என்ன?"

ஆணிக்குப் பதிலாகக் கூடாரக் கயிற்றைக் கட்ட நான் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த டிரம்களைக் காட்டினேன்.