பழைய துறைக் கயிறு

பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று உங்களிடம் யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது என் மச்சானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தெரிந்திருந்தால் எப்போதோ மேஸ்திரி ஆகியிருப்பார்.

மச்சானுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் கரைக்கு வரும்போதும் கிளம்பும்போதும் கயிறு பிடிக்கிற கோஷ்டியில் ஒருவர். அந்த வேலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கப்பலிலிருந்து ‘பிடி’ என்று குரல் வந்தால் பிடிக்க வேண்டும். அதே ஆள் ‘எல்லாம் விடு’ என்று கத்தும்வரை விடக் கூடாது. கயிறு தொய்ந்தாலும் விடக் கூடாது. தொய்ந்த கயிறு எந்த நொடியில் வெடுக்கென்று இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவன் அவசரப்பட்டு விட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கை போய்விடும்.

அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். மச்சான் தாயின் வயிற்றில் இருந்தபோது போர் வந்தது. பழைய துறையிலிருந்து கடைசிக் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு தப்பிப் போனது. ஒரே புகை. கரையில் கயிறு பிடித்து நின்றவர்கள் மேல் குண்டு விழுந்தது. நின்ற இடத்திலேயே செத்தார்கள்.

இப்போது அந்தத் துறை நினைவிடம். கல் பாவிய தரை, இரும்பு வேலி, ஓரத்தில் ஒரு காபிக் கடை. நடுவில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து: ‘விடு என்று ஆணை வந்தும் கயிற்றை விடாமல் உயிர் ஈந்த தீரர்கள்.’ தப்பிப் போன கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு வெட்டிய எழுத்து அது.

அந்த ஒரு வரி மச்சான் வீட்டையே எரித்தது. விடச் சொல்லியும் விடவில்லையாம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி காத்திருப்பது ஞாபகத்துக்கு வரவில்லையாம். “அந்த மனுஷனுக்குக் கயிறுதான் பொண்டாட்டி” என்று சொல்லிச் சொல்லியே அவருடைய அம்மா கண்ணை மூடினாள். மச்சானும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்பா என்ற பேச்சை எடுத்தாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஊரெல்லாம் கும்பிடுகிற ஆளை மகன் மட்டும் கரித்துக் கொட்டினார்.

அவர் மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். நான்காம் வகுப்பு. தாத்தாவின் இடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்துப் போனார்.

நல்ல வெயில். கூட்டமே இல்லை. காபிக் கடை மூடியிருந்தது. வாசல் கூண்டில் வாட்ச்மேன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

துறையின் விளிம்பில் கப்பல் கட்டும் இரும்புத் தூண் ஒன்று இருந்தது. காட்சிக்காக அதில் ஒரு புதுக் கயிற்றைச் சுற்றிவைத்திருந்தார்கள். ஒரு முனை கல்தரையில் நீளமாகக் கிடந்தது. மறுமுனை கடலுக்குள் தொங்கியது. வாலு ஓடிப்போய்க் கரையில் கிடந்த முனையைத் தூக்கினாள்.

“தாத்தா இப்படித்தான் நின்னாராப்பா?”

“நின்னாரு. நின்னு என்னத்தக் கிழிச்சாரு?”

“திட்டாதப்பா. போட்டோ எடு.”

மச்சான் போனை எடுத்தார். கண்ணில் அந்தத் தங்க எழுத்து பட்டது. அந்தக் கடுப்பிலேயே குரலை உயர்த்தினார்.

“சரி… பிடி!”

வேலையில் கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டு அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். கோபத்தில் வாய் தவறிவிட்டது.

முதலில் சொட்டுச் சத்தம் கேட்டது. சொட்… சொட்… வெயிலில் காய்ந்து கிடந்த கயிற்றிலிருந்து தண்ணீர் பிழிந்து வழிந்தது. பாரம் ஏறினால்தான் கயிறு அப்படித் தண்ணீர் விடும். மச்சான் கடலைப் பார்த்தார். கப்பல் இல்லை. ஒரு தோணிகூட இல்லை.

கயிறு மெல்ல எழுந்தது. தரையை விட்டு, வாலுவின் இடுப்பு உயரத்துக்கு. விறைத்து நின்றது. தூணில் அது உரசும் சத்தம்… கிர்ர்ர்…

“கைய எடு பாப்பா!”

“எடுக்க முடியலப்பா…”

ஓடிப்போய் அவள் விரல்களைப் பிரித்தார். பிரியவில்லை. அவள் விரல்கள் வெளுத்து அமுங்கியிருந்தன. அவற்றின் மேல் வேறு யாரோ கை வைத்து இறுக்குகிற மாதிரி. புகை நாற்றம் அடித்தது. எங்கும் தீ இல்லை.

கடல் பக்கமிருந்து சத்தம் வந்தது.

டொக்…

டொக்…

டொக்.

கோடாரிச் சத்தம்.

கயிறு தொப்பென்று விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். ஆனால் வாலுவின் கை விரியவில்லை. தொய்ந்த கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பலர் மூச்சு வாங்கும் சத்தம்.

அவர்களும் விடவில்லை.

அப்போது மேலே விசில் மாதிரி ஒன்று… தூரத்தில்… விய்ய்ய்ய்…

நெருங்கியது.

குண்டு விழுகிற சத்தம் என்று மச்சானுக்குப் புரிந்தது. மகளைத் தூக்கிப் பார்த்தார். அசைக்க முடியவில்லை. அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. கயிறு தொய்ந்தாலும் விடக் கூடாது. சொன்னால்தான் விட வேண்டும். இவர்களிடம் யாருமே சொல்லவில்லை!

இன்று ‘பிடி’ என்று சொன்னது யார்?

அவர்தான்.

கையை உயர்த்தினார். தொண்டை கிழியக் கத்தினார்.

“எல்லாம் விடு! கப்பல் போயிடுச்சு! எல்லாம் விடு!”

விசில் நின்றது.

வாலு பொத்தென்று அவர்மேல் விழுந்தாள். கல்தரையில் தடதடவென்று செருப்பில்லாத கால்கள் ஓடின. வாசலை நோக்கி. ஊரை நோக்கி.

பிறகு கடற்காக்கைச் சத்தம் மட்டும்தான்.

கத்தலில் விழித்த வாட்ச்மேன் ஓடிவந்தார். கலைந்து கிடந்த கயிற்றைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே கடலுக்குள் இருந்த முனையை இழுத்தார். முனை கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நான்தான் சார் இதைப் போட்டேன். முனையில வளையமா ஒரு கண்ணி வச்சுத் தச்சிருந்தேன். கண்ணி எங்க?”

கண்ணி இல்லை. மூன்று வெட்டில் துண்டான முனை. உள்ளே நார் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மச்சான் மகளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். அக்கா வாலுவின் கைக்கு எண்ணெய் தடவினாள். நானும் அங்கேதான் இருந்தேன். வாலு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்குப் பின்னாடி நின்னவரு யாருப்பா?”

“யாரு?”

“என் கை மேல கை வச்சிருந்தாரே. ‘சொல்லிட்டாங்களா, சொல்லிட்டாங்களா’ன்னு கேட்டுட்டே இருந்தாரு. வீட்டுக்குப் போகணுமாம். வீட்டுல அவங்க மாசமா தனியா இருக்காங்களாம்.”

அவள் பாட்டி கதையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. மச்சான் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுகையை விடத் திட்டுதான் அதிகம். இத்தனை வருஷமும் அப்பாவைத் திட்டியவர், அன்றைக்கு அந்தக் கப்பலைத் திட்டினார். சொல்லாமல் வெட்டிக்கொண்டு ஓடிவிட்டு, சொன்னோம் என்று கல்லில் வேறு எழுதவைத்தவர்களைத் திட்டினார். நினைவிட அலுவலகத்தில் போய்ச் சண்டையும் போட்டார். கல்லில் வெட்டியதை மாற்ற முடியாதாம். போன மாதம் அதற்குப் புதிதாகத் தங்கப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் வாட்ச்மேன் மச்சானுக்குப் போன் செய்தார். இத்தனை வருஷமாக மதிய வேளையில் கரையில் ஆட்கள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்குமாம். வேலை போய்விடும் என்று வெளியே சொன்னதில்லையாம். இப்போது அது சுத்தமாக நின்றுவிட்டது.

“ஆனா கடல் பக்கம் டொக் டொக்னு ஒரு சத்தம் சார். முன்னால இல்ல. நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்துதான். வெட்டுறாங்க, வெட்டுறாங்க, நிறுத்தவே மாட்டேங்கறாங்க. நீங்க வந்து அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா…”



“வெட்டட்டும்” என்று சொல்லி மச்சான் போனை வைத்துவிட்டார்.